பிடி அரிசிக் கலயம்

வெள்ளிக்கிழமை காலையில் தையல்நாயகி அக்கா பையைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாலே ஆரம்பத்தில் எனக்கு எரிச்சல் வரும். பிள்ளையார்பாளையத்தில் வாசலில் வந்து கை நீட்டுகிறவர்களுக்குக் குறைவில்லை. முகம் கொடுக்காமல் அவர்களை எப்படி அனுப்புவது என்பதில் எங்கள் தெருக்காரர்கள் எல்லாரும் தேறியவர்கள். இந்த அம்மாளிடம் மட்டும் அந்த வித்தை பலிக்கவில்லை. பணம் கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்போம். அவள் கேட்டது ஒரு பிடி அரிசி. ஒரு பிடி அரிசி வீட்டில் இல்லை என்று எந்த வாயால் சொல்வது?

என் பெயர் ராமராஜன். ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன். அக்கா எங்கள் தெருவின் கடைசி வீடு. ஐம்பது வயது தாண்டியிருக்கும். அவள் வீட்டுக்காரர் வீரபாகு பட்டு நெய்கிறார். அவர் தறிக்கு நூலைத் தாரில் சுற்றிக் கொடுப்பது, சமைப்பது, தண்ணீர் பிடிப்பது என்று மற்ற பெண்கள் செய்கிற வேலையைத்தான் அவளும் செய்கிறாள். சங்கம் கிடையாது, ரசீது கிடையாது, போட்டோ போட்ட பேனர் கிடையாது. வாய் மட்டும் உண்டு. அந்த வாயை வைத்துக்கொண்டு ஒரு தெருவையே மாற்றிவிட்டாள்.

வீரபாகுவுக்குச் சில வருஷங்களுக்கு முன்னால் வயிற்றில் ஆபரேஷன் ஆனது. அரசு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறவருக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். கூட இருக்கிறவருக்கு யார் கொடுப்பார்கள்? அக்கா குழாய்த் தண்ணீரைக் குடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துக் கட்டிலுக்குத் துணைக்கு வந்திருந்த மரியம்மாள் என்ற அம்மாள், தன் பொட்டலத்தைப் பிரித்ததும் வாயில் வைக்கும் முன்பே பாதியைப் பிய்த்து இவள் கையில் வைத்தாளாம். அங்கே இருந்த நாளெல்லாம் அப்படித்தான்.

“அவங்க குடுத்தது மிச்சம் மீதி இல்லப்பா. அவங்க பசியில பாதி” என்று அக்கா என்னிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள்.

வீடு திரும்பியதும் ஒரு மண் கலயம் வாங்கி, திருநீறு பூசி, அடுப்பு மேடையில் வைத்தாள். பிறகு பக்கத்து வீட்டுக்கு ஒன்று, எதிர் வீட்டுக்கு ஒன்று என்று தெரு முழுக்கக் கொண்டுபோய் வைத்துவிட்டாள். விதி இதுதான்: உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் முதல் பிடி கலயத்துக்கு. வடித்து மிஞ்சியதைப் போடக் கூடாது. கலயத்தில் விழுந்தது சாமி அரிசி, அது மறுபடி அந்த வீட்டு உலைக்குத் திரும்பக் கூடாது. வெள்ளிக்கிழமை அவள் வந்து கொட்டிக்கொண்டு போவாள். சனிக்கிழமை காலையில் கஞ்சி காய்ச்சி, ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணையிருப்பவர்களுக்கு ஊற்றுவாள்.

நான் சண்டை போட்டிருக்கிறேன்.

“ஏன்கா, மாசத்துக்கு ஒருக்கா ஒரு மூட்டையா வாங்கிப் போட்டா முடிஞ்சிது. தெனம் தெனம் இன்னாத்துக்கு இந்த ரோதனை?”

“மொத்தமாப் போட்டா, போட்ட அன்னியோட நீ மறந்துடுவ. தெனம் அரிசிக்குள்ள கை போவும்போது, யாரோ ஒருத்தரு பசியோட குந்திக்கினு இருக்காங்கன்னு ஒரு நெனப்பு வரும்ல? எனக்கு அந்த நெனப்புதான் வேணும். அரிசி ஒரு சாக்கு.”

“தோசை ஊத்துற அன்னிக்கு?”

“மாவுக்கு ஊற வைக்கிற அன்னிக்கே ஒரு பிடி போட்டுடு. தப்பிக்க வழி தேடாத.”

அன்றோடு நானும் வழிக்கு வந்தேன். என் மனைவி புவனேஸ்வரி எனக்கு முன்பே கட்சி மாறியிருந்தாள். சனிக்கிழமைதோறும் அண்டாவை ஏற்றிக்கொண்டு போகிற வேலையும் என் தலையில் விழுந்தது. நல்ல சவாரி கிடைக்கிற நேரம் அது. முனகிக்கொண்டேதான் போவேன்.

அவள் ஏன் எப்போதும் கஞ்சியே காய்ச்சுகிறாள் என்று சிலர் கேலி பேசுவார்கள். ஒரு வீட்டில் ரேஷன் அரிசி, ஒரு வீட்டில் பொன்னி, ஒரு வீட்டில் பச்சரிசி, இன்னொரு வீட்டில் இட்லி அரிசி. எல்லாம் ஒரே பையில் விழுந்தால் சோறாக எப்படி வடிப்பது? ஒன்று குழையும்போது இன்னொன்று விறைத்துக்கொண்டு நிற்கும். கஞ்சி என்றால் பேதமில்லாமல் கரைந்துவிடும். உப்பும் சீரகமும் போட்டு அவள் காய்ச்சுகிற கஞ்சிக்கு ஒரு ருசி உண்டு. அதை அவள் எதிரில் ஒப்புக்கொள்ள மாட்டேன், அவ்வளவுதான்.

அவளிடம் இன்னொரு விஷயம் இருந்தது. அது எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். கலயத்தைக் கையில் வாங்கியதுமே அந்த வீட்டில் அந்த வாரம் அடுப்பு எத்தனை வேளை எரிந்தது என்று சொல்லிவிடுவாள். கலயம் லேசாக இருந்தால் அங்கே ஏதோ சரியில்லை. முகத்தில் ஒன்றும் காட்டாமல் கொட்டிக்கொண்டு வந்துவிடுவாள். மறுநாள் என் ஆட்டோவில் ஒரு பை போகும். “தங்கச்சி வீட்டுல இருந்து நெறைய வந்துடுச்சும்மா, வீணாப் போவுது” என்பாள். அவளுக்குத் தங்கையே கிடையாது. இப்படிக் கொடுப்பதும் தெரியாமல் வாங்குவதும் தெரியாமல் பல வீடுகள் கரையேறின.

எங்கள் தெருவில் கலயம் எப்போதும் தளும்பத் தளும்ப இருந்தது தேவகி வீட்டில்தான். தேவகிக்கு முப்பது வயதிருக்கும். புருஷன் தினகரன் நல்ல நெசவுக்காரன், கோபக்காரனும் கூட. அண்ணனோடு சண்டை போட்டுக்கொண்டு, இனி எவன் கையையும் எதிர்பார்க்க மாட்டேன் என்று தெருவே கேட்கக் கத்திவிட்டு, இரண்டு பிள்ளைகளோடு எதிர்ச்சாரியில் ஒரு சின்ன வீட்டுக்குத் தனிக்குடித்தனம் வந்திருந்தான். ரேஷன் அட்டை அண்ணன் வீட்டிலேயே தங்கிவிட்டது. தனி அட்டைக்குப் போட்ட மனு போட்டபடி கிடந்தது. அந்த நிலையிலும் தேவகி ஒரு வேளைகூடப் பிடி அரிசி தவறவிட்டதில்லை.

அக்காவுக்கு அதில் அப்படி ஒரு பெருமை. வெள்ளிக்கிழமை தேவகியின் கலயத்தை நடுத்தெருவில் தூக்கிப் பிடிப்பாள். “பாருங்கடி! ரேஷன் அரிசி வாங்குறவங்க வீட்டுக் கலயமெல்லாம் பாதியில நிக்குது. கடையில வாங்கித் துன்றவ கலயத்தப் பாருங்க!” தேவகி வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொள்வாள். மற்ற பெண்களுக்கு ரோஷம் வரும், மறு வாரம் அவர்கள் கலயமும் ஏறும். நாலு பேரைக் கொடுக்க வைக்க ஒருத்தியைப் புகழ்ந்தால் என்ன தப்பு? எனக்கும் அப்போது அது தப்பாகத் தெரியவில்லை.

போன ஐப்பசியில் மழை பிடித்தது. அப்படி ஒரு மழை. நெசவாளி காலை விட்டு மிதிக்கிற தறிக்குழிகளில் ஊற்றெடுத்துத் தண்ணீர் நின்றது. தரை ஓதம் அடித்து, பாவு நூல் நைந்துவிடும் என்று தறியைத் தொடவே பயந்தார்கள். கூலி இல்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதால் பிள்ளைகளின் மதியச் சோறும் நின்றது. வெள்ளிக்கிழமை கலயங்களெல்லாம் இறங்கியிருந்தன. அக்கா வீடு வீடாக இல்லாத தங்கச்சியை வரவழைத்துக்கொண்டிருந்தாள். தேவகியின் கலயம் மட்டும் வழக்கம்போல நிறைந்திருந்தது.

“இந்த ஒரு வீடாவது நல்லா இருக்குதே, ஏகாம்பரநாதா!” என்று அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையில் முழங்கால் தண்ணீர். ஆட்டோ போகாது. வேகவதி ஆற்றுக் கரையோரக் குடிசைகளில் வெள்ளம் புகுந்து, அங்கிருந்தவர்களைத் திருப்பருத்திக்குன்றம் போகிற வழியில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கவைத்திருந்தார்கள். கஞ்சியை அங்கே கொண்டுபோவோம் என்றாள் அக்கா.

மண்டப வாசலில் பெரிய வரிசை நின்றது. அக்கா குனிந்தபடி ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் அண்டாவைச் சாய்த்துப் பிடித்திருந்தேன். எவர்சில்வர் தூக்கு ஒன்று நீண்டது. அதன் வயிற்றில் புள்ளிப் புள்ளியாக எழுத்து வெட்டியிருந்தது: ‘வீரபாகு – தையல்நாயகி அன்பளிப்பு’. தேவகி கல்யாணத்துக்கு அக்கா கொடுத்த தூக்கு.

அக்காவின் கரண்டி நின்றது. நான் நிமிர்ந்து பார்த்தேன். தலையிலும் பாதி முகத்திலும் துண்டைச் சுற்றிக்கொண்டு தினகரன் நின்றிருந்தான். எங்கள் அண்டா ஆஸ்பத்திரிக்குத்தான் போகும் என்று நம்பி, தெரிந்தவர் கண்ணில் படாமல் இருக்க அவ்வளவு தூரம் வந்திருக்கிறான்.

“பக்கத்துல ஒரு பெரியவரு படுத்துக்கினு இருக்காருக்கா. அவருக்குத்தான்” என்றான். குரல் அவனுடையதாகவே இல்லை.

“சரிப்பா” என்றாள் அக்கா. தூக்கு நிறைய ஊற்றினாள். “மூடிய அழுத்தி மூடிக்கினு போ. மழைத் தண்ணி உள்ள பூந்துடப் போவுது.”

அவன் சைக்கிளில் ஏறிப் போகிற வரை அவள் நிமிரவில்லை. அண்டாவை ஏற்றிக்கொண்டு திரும்பினோம். தெரு முனை வந்ததும் வெடித்தாள்.

“ஒரு வேளை ஒலை வச்சிட்டு மூணு வேளைக்குப் பிடி போட்டிருக்கா ராமராஜா! எரியாத அடுப்புக்கெல்லாம் பிடி போட்டிருக்கா! நான் இன்னாடான்னா கலயத்தத் தூக்கிப் புடிச்சி ஊருக்கே காட்டிக்கினு இருந்தேன்.”

“அடுத்த வாரம் அவ வீட்டுல வாங்காதக்கா. அவ்ளோதான.”

“வாங்காம வந்தா, எனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு அவளுக்குத் தெரிஞ்சிடும். தெருவுக்கும் தெரிஞ்சிடும். அவன் இன்னா சொல்லிட்டு அண்ணன் வீட்ட வுட்டு வந்தவன்னு உனக்குத் தெரியாதா? ஏற்கெனவே குன்னிப் போயி நிக்கிறான்.”

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அவன் வீம்பு மேலா, தேவகியின் வெட்கத்தின் மேலா, இந்தக் கலயத்தின் மேலா?

மறுநாள் தண்ணீர் கேட்கிற சாக்கில் அக்கா தேவகி வீட்டுக்குள் போனாள். தறிக்குழியில் கலங்கல் தண்ணீர். அரிசி டின்னைத் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். சின்னப் பிள்ளை மாவுச் சட்டியை வழித்து நக்கிக்கொண்டிருந்தது. தேவகி செம்பில் தண்ணீர் கொடுத்துவிட்டு, “சாப்டாச்சாக்கா?” என்று சிரித்தபடி கேட்டாளாம்.

அன்று மாலையே தங்கச்சி வந்துவிட்டாள். ஒரு பை அரிசி, பருப்பு, கத்தரிக்காய். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். தேவகி வாங்கிக்கொண்டாள். அப்பாடா என்று இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. தேவகியின் கலயம் கோபுரமாகக் குவிந்திருந்தது. அக்கா அனுப்பிய அரிசிதான், அந்த மினுக்கு எனக்கே அடையாளம் தெரிந்தது. வந்த அரிசிக்கும் சேர்த்துப் பிடி போட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். அக்கா அதைக் கொட்டிக்கொண்ட வேகத்தைப் பார்த்தால் யாரோ துரத்துவது போல இருந்தது. மறுநாளும் சாலைத் தண்ணீர் வடியவில்லை, மண்டபத்துக்கே போனோம். தினகரன் மறுபடி நின்றான். இந்தத் தடவை பெரியவர் கதை இல்லை. அவள் ஊற்றினாள், அவன் போனான். அவன் வீட்டு அரிசி அவன் கைக்கு எங்கெங்கேயோ சுற்றி, நாலு வீட்டு அரிசியோடு கலந்து, நனைந்துகொண்டு வந்தது. அதை நேராக அந்த வீட்டுச் சட்டியிலேயே விட்டுவைக்க எங்கள் இரண்டு பேருக்கும் வழி தெரியவில்லை.

அக்கா யோசித்துக் கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். அடுத்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் தெரு முழுக்கச் சொல்லி அனுப்பினாள்: இந்த வாரம் கலயம் வாங்க வரமாட்டேன், தூறல் விடவில்லை, அரிசி நனைந்துவிடும், அவரவர் வீட்டுக்கே வைத்துக்கொள்ளுங்கள், சாமி கோபிக்காது. இத்தனை வருஷத்தில் அவள் வாயிலிருந்து கொடுக்க வேண்டாம் என்று ஒரு சொல் வந்து நான் கேட்டதில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் வீட்டு வாசலில் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முதலில் என் வீட்டுக்காரிதான் வந்தாள், முந்தானைக்குள் கலயத்தை மறைத்துக்கொண்டு. பின்னால் ஒவ்வொருத்தியாக. பாலிதீன் பையை மூடிக்கொண்டு ஒருத்தி, சோப்பு டப்பில் வைத்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு ஒருத்தி. எல்லாருக்கும் கடைசியில் தேவகி வந்தாள். இடுப்பில் சின்னது, அதன் தலையில் துண்டு. இன்னொரு கையில் கலயம், வாழையிலையால் மூடி நூல் சுற்றியிருந்தது. அவள் மட்டும் தொப்பலாக நனைந்திருந்தாள்.

“நான்தான் வேணாம்னு சொல்லி அனுப்பினேனேம்மா” என்றாள் அக்கா.

“நீ வரலன்னா இன்னாக்கா? கை அதுபாட்டுக்குப் போடுது. நீதான பழக்கி வுட்ட?” என்று சிரித்தாள் தேவகி. சிரிக்கும்போது கன்னத்து எலும்பு தெரிந்தது.

தெருப் பெண்கள் எல்லாரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா இரண்டு கையாலும் கலயத்தை வாங்கினாள். வாங்காமல் வேறென்ன செய்வாள்? எல்லாரும் அவள் வழக்கமாகச் சொல்வதைச் சொல்வாள் என்று காத்திருந்தார்கள். “நெறைஞ்சிருக்குதும்மா” என்றாள். கலயத்தோடு உள்ளே போய்விட்டாள். பையில் அரிசி விழுகிற சத்தம் கேட்டது. எனக்கு அந்த இடத்தில் நிற்கவே பிடிக்கவில்லை.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிச் சாலையில் தண்ணீர் வடிந்திருந்தது. வண்டியை அந்தப் பக்கம் திருப்பினேன். அக்கா என் தோளைத் தட்டி, முதலில் மண்டபத்துக்குப் போகச் சொன்னாள்.

“அங்க யாரும் இல்லக்கா. நேத்து சாயந்தரமே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க.”

“அது அவனுக்குத் தெரியாதுல்ல?”

மண்டபம் பூட்டிக் கிடந்தது. வாசல் தாழ்வாரத்தில் அண்டாவை இறக்கி வைத்தோம். அக்கா கரண்டியைப் பிடித்துக்கொண்டு வெறும் வாசலைப் பார்த்து நின்றாள். கொஞ்ச நேரத்தில் சாலைத் திருப்பத்தில் ஒரு சைக்கிள் வந்தது. துண்டு, தூக்கு. பூட்டிய கதவைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். நடுவே ஓர் ஆள் கூட இல்லை. வேகம் குறைந்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றான். கூட்டத்தில் ஒருவனாக இருந்தால் அவன் வாங்குவான். தனியாக எப்படி வந்து நிற்பான்? சைக்கிளைத் திருப்பத் தொடங்கினான்.

“தினகரா” என்று கூப்பிட அக்கா வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். கூப்பிட்டால் அவன் இனி எந்த வரிசையிலும் நிற்க மாட்டான். அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. இத்தனை வீட்டுக்காரர்களைக் கொடுக்க வைத்தவளுக்கு ஒருத்தனை வாங்க வைக்கத் தெரியவில்லை.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆட்டோவில் புவனேஸ்வரி கட்டிக் கொடுத்த எலுமிச்சைச் சாதம் இருந்தது. டப்பாவின் மூடியை மட்டும் கழற்றிக்கொண்டு போய், அண்டாவுக்கு முன்னால் நின்றேன். ஓட்டுகிறவன் மாதிரி இல்லை, வாங்குகிறவன் மாதிரி. வாரா வாரம் இந்த அண்டாவைத் தூக்கியிருக்கிறேன், ஒரு நாளும் இந்தப் பக்கம் நின்றதில்லை. நாலடி தள்ளி நிற்பதற்குக் கால் கூசியது. மூடியை நீட்டினேன். வெட்கமாக இருந்தது, நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

எதிர் டீக்கடையில் தூறலுக்கு ஒதுங்கியிருந்த இரண்டு பேர், “இன்னாபா, கஞ்சியா?” என்று கேட்டுக்கொண்டு வந்து என் பின்னால் நின்றார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது.

அக்கா என் மூடியில் ஊற்றினாள். அந்த இரண்டு பேருக்கும் ஊற்றினாள். தூக்கு வந்தபோது, தன் பேர் வெட்டியிருந்த பக்கத்தைக் கையால் மறைத்துப் பிடித்துக்கொண்டு ஊற்றினாள்.

“போதும்கா” என்றான் தினகரன்.

அவள் காதில் விழாதவள் போல விளிம்பு வரை ஊற்றினாள்.

ஆஸ்பத்திரிப் பக்கம் வண்டியைத் திருப்பினேன். கஞ்சி நாக்கைச் சுட்டிருந்தது.

“வர்ற வெள்ளிக்கிழமையும் அவ கலயம் நெறைஞ்சிதான் இருக்கும் தம்பி.”

“இருக்கும்கா.”

“வாங்கித்தான் ஆவணும்.”

“ஆமாக்கா.”

முன்னால் குனிந்து சொன்னாள்: “சனிக்கிழமை நீ ஒரு தூக்கு எடுத்துக்கினு வா. மூடியில வாங்கினா ஒருத்தனும் நம்ப மாட்டான்.”